பத்தாயிரம் தடவை மிதிபடும் தோல்

திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவு, மணி இரண்டைத் தாண்டியிருக்கும். ஈசான்ய லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுக் கூட்டம் ஊருக்குள் திரும்பும் இடத்தில், பூட்டிய கடைகளின் படிகளிலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலோர் செய்வது ஒரே வேலைதான். ஒரு காலைத் தூக்கி மறு தொடைமேல் போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்து, உள்ளங்காலைப் பார்ப்பார்கள். பெருவிரலுக்குக் கீழே, சதை மேடிட்ட இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே கண்ணாடி மாதிரி தெளிந்த நீர். சுற்றிலும் சிவப்பு.

"என்ன தம்பி, கால் எரியுதா?" என்று சுக்குக் காபி விற்கிற அம்மா கேட்பார். "பழகாத காலு, அப்படித்தான் இருக்கும். எங்களுக்கெல்லாம் காய்ச்சுப் போச்சு."

திருவண்ணாமலைக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லும் இந்த வார்த்தைக்குள் ஒரு பெரிய அறிவியலே இருக்கிறது. பழகாத கால் ஏன் கொப்புளிக்கிறது, பழகிய கால் எப்படிக் காய்க்கிறது, இரண்டுக்கும் நடுவில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதை நோய்க்கூற்றியல் படிக்கும் மருத்துவ மாணவர்கள் தங்கள் பாடப்புத்தகத்தின் ஆரம்ப அத்தியாயங்களிலேயே படித்துவிடுகிறார்கள். நெருக்கடி வந்தால் செல் முதலில் தன்னை மாற்றிக்கொண்டு சமாளிக்கும். சமாளிக்க முடியாதபோது காயப்படும். அதற்கும் மேலே போனால் சாகும்.

ஒரு சின்னக் கணக்கு. மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20,000 எட்டு. அதாவது ஒவ்வொரு பாதமும் பத்தாயிரம் தடவை தரையில் இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் உடம்பின் முழு எடையும் ஒரு கணம் அந்த ஒற்றைப் பாதத்தில் நிற்கிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வருகிறவர், வருஷம் முழுக்க ஷூவுக்குள் வைத்திருந்த பாதத்தை ஒரே ராத்திரியில் பத்தாயிரம் தடவை தாரிலும் சிமென்டிலும் அறைகிறார்.

தோலின் மேல் அடுக்கு ஒரு கட்டடம் மாதிரி. அடித்தளத்தில் இருக்கும் செல்கள் ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். புதிதாகப் பிறந்த செல் மெல்ல மேலே தள்ளப்படும். போகும் வழியில் கெரட்டின் என்ற கெட்டியான புரதத்தை நிரப்பிக்கொண்டு, தட்டையாகி, செத்து, கடைசியில் மேல்தளத்து ஓடாகி உதிரும். கீழிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம். தினமும் வெறுங்காலில் நடக்கிறவரின் பாதத்தில், அழுத்தம் விழும் இடத்தில், அடித்தளத்துச் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. மேலே ஓடுகள் உதிர்வதைவிட வந்து சேர்வது அதிகமாகிறது. ஓடு தடிக்கிறது. அதுதான் காய்ப்பு.

எல்லாச் செல்லுக்கும் இந்த வழி கிடையாது. கார்த்திகை தீபத்துக்கு 2,668 அடி உயரத்து மலை உச்சியில் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜகுலத்தாருக்கு உரியது. கொப்பரையும் நெய்யும் திரியும் மனிதத் தோளில்தான் மேலே போகின்றன. சுமை தூக்கிப் பழகிய அந்தத் தோள்களும் தொடைகளும் திரண்டிருப்பதற்குக் காரணம் வேறு. வளர்ந்த தசைச் செல்லுக்குப் பிரிந்து பெருகத் தெரியாது. அதனால் எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒவ்வொரு செல்லும் தானே பருத்துக்கொள்கிறது. உள்ளே இழைப் புரதங்களை அடுக்கிக்கொண்டு தடிக்கிறது. பாதத்துத் தோல் ஆள் சேர்க்கிறது. தோள் தசை இருக்கிற ஆளையே பலசாலியாக்குகிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவரின் இதயமும் இந்த இரண்டாவது வழியில்தான் பருக்கிறது. அங்கே அது நல்ல செய்தி இல்லை. பருத்த இதயத்துக்கு வேண்டிய ரத்தம் அதே குழாய்கள் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

வேலை இல்லாவிட்டால் செல் இளைக்கவும் செய்யும். மாவுக்கட்டைப் பிரித்த காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றரை மாதத்தில் சூம்பிப் போயிருக்கும். செல் தன் சொந்தப் பாகங்களையே பிரித்து, உருக்கி, வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. இந்தத் தன்னுண்ணல் எந்த மரபணுக்களால் இயங்குகிறது என்பதை ஈஸ்ட் செல்லில் கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, பழகாத காலுக்கு வருவோம். காய்ப்பு காய்க்க வாரக்கணக்கில் நேரம் வேண்டும். ஒரே ராத்திரியில் அந்த அவகாசம் இல்லை. மேல் ஓடு தரையோடு ஒட்டிக்கொள்கிறது, உள்ளே எலும்பு முன்னே போகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய செல் அடுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுபட்டு, ஒரு கட்டத்தில் கிழிகிறது. கிழிந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. வியர்வையிலோ மழையிலோ ஊறிய பாதத்துக்கு இது சீக்கிரமே நடக்கும். ஆனால் அடித்தளம் அப்படியே இருக்கிறது. ஒரே நாளில் அங்கே செல்கள் மும்முரமாகப் பிரிய ஆரம்பித்துவிடும். ஐந்தாறு நாளில் கொப்புளத்தின் கூரைக்கு அடியிலேயே புதுத் தோல் தயார். அதனால்தான் கொப்புளத்தைப் பிய்க்காதே என்கிறார்கள். அந்தக் கூரையைவிடச் சுத்தமான கட்டு எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

பாதையில் நடக்கிறவரைக் கொப்புளம் மட்டுமா பிடிக்கிறது? முள் குத்தும். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில், ரஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிகாஃப் ரோஜாச் செடி முள்ளை எடுத்து, கண்ணாடி போல உள்ளே தெரியும் நட்சத்திரமீன் குஞ்சு ஒன்றின் உடம்பில் குத்திவைத்தார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அலையும் செல்கள் முள்ளைச் சுற்றி வளைத்து மொய்த்துக்கொண்டிருந்தன. காயத்துக்குச் செல்கள் தாமாகவே ஓடி வருகின்றன என்பது அன்றைக்குக் கண்ணால் பார்த்த உண்மையானது. 1908இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. காலில் முள் ஏறி மறுநாள் அந்த இடம் சிவந்து, தடித்து, சுட்டு, வலித்தால் அந்தக் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நான்கு அடையாளங்களையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் 2,000 வருஷத்துக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

இந்த ஊரில் காயத்தைப் பற்றிப் பேசிவிட்டு ரமணரைச் சொல்லாமல் போக முடியாது.

1896 செப்டம்பர் 1ஆம் தேதி, வீட்டை விட்டுக் கிளம்பிவந்த 16 வயது வேங்கடராமன், பின்னாளைய ரமணர், திருவண்ணாமலையில் காலடி வைத்தார். கொஞ்ச நாளில் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் இருக்கும் பாதாள லிங்கக் குகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். இருட்டு, ஈரம், பூச்சி. தொடைகளை எறும்பும் புழுபூச்சிகளும் அரித்துத் தின்றன. ரத்தமும் சீழும் வழிந்தன. அவர் அசையவில்லை. கடைசியில் மற்றவர்கள்தான் உள்ளே இறங்கித் தூக்கி வந்தார்கள். அந்தத் தழும்புகள் கடைசிவரை அவர் தொடையில் இருந்தன.

அவர் மனம் எங்கே இருந்தது என்பது ஞானிகள் பேச வேண்டிய விஷயம். ஆனால் அந்தப் பையனின் தொடையில் செல்கள் என்ன செய்திருக்கும் என்பதை எந்த மருத்துவரும் சொல்லிவிடலாம். ரத்தத் தட்டுகள் சில நிமிடங்களில் காயத்தின் வாயை அடைத்திருக்கும். சில மணி நேரத்தில் முதல் படை வெள்ளணுக்கள் வந்து கிருமியோடு மோதியிருக்கும். சீழ் என்பது பெரும்பாலும் அந்தப் படையின் பிணங்கள்தான். இரண்டாம் நாள் மூன்றாம் நாளில் பெருவிழுங்கி செல்கள் வந்து குப்பையை அள்ளியிருக்கும். பிறகு நார்ச்செல்கள் வந்து கொலாஜன் இழைகளை நெய்ய, ஓரத்திலிருந்து தோல் செல்கள் ஊர்ந்து வந்து மேலே மூடியிருக்கும். ஆழமான காயத்தில் பழைய தோலை அப்படியே மறுபடி கட்ட உடம்புக்கு முடியாது. தழும்பு என்பது கிடைத்ததை வைத்துப் போட்ட ஒட்டு. ரோமம் இருக்காது, வியர்வைச் சுரப்பி இருக்காது. மாதக்கணக்கில் இறுகினாலும் பழைய தோலின் பலத்தில் நூற்றுக்கு எண்பதைத் தாண்டாது. 50 வருஷத்துக்கு மேல் அவர் உடம்பில் இருந்த தழும்பு அப்படிப்பட்டது.

பின்னாளில் மலையில் உலவும்போது தெரியாமல் ஒரு குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டார். குளவிகள் மொய்த்துக் காலைக் கொட்டின. கூட்டைக் கலைத்த கால்தானே, கொட்டட்டும் என்று அவை போகும்வரை நின்றார். கால் வீங்கிப்போனது. அப்படி வீங்குவதும் செல்களின் வேலைதான். தோலுக்கடியில் காவல் இருக்கும் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன. கசிவோடு வெள்ளணுக்களும் வெளியே வருகின்றன.

கடைசியில் அவர் உடம்பில் வேறொன்றும் நடந்தது. இடது கையில், முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி. 1949 பிப்ரவரியில் அகற்றினார்கள். திரும்ப வந்தது. சார்க்கோமா என்று தெரிந்தது. அந்த ஆண்டுக்குள்ளாகவே நான்கு அறுவை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். சார்க்கோமா இணைப்புத் திசுவில் பிறக்கும் புற்று. தழும்பை நெய்கிற நார்ச்செல்லும் அந்தத் திசுவைச் சேர்ந்ததே. தொடையில் காயம் மூடியதும் செல்கள் பெருகுவதை நிறுத்தின. கையில் நிறுத்தவில்லை. நிறுத்து என்ற கட்டளையைக் கேட்கும் திறனை ஒரு செல் இழந்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஒரே உடம்பில் பார்க்கிறோம்.

இனி வெயில். பௌர்ணமிக்கு வரமுடியாதவர்கள் பகலில் சுற்றுகிறார்கள். சித்திரை வைகாசியில், மத்தியானம், செங்கம் சாலைத் தாரில் கால் வைத்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தால் தோல் வேகும் என்று மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947இல் அளந்து சொன்னார்கள். 44 டிகிரி செல்சியஸ் என்றால் ஆறு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தாங்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 50 டிகிரியில் சில நிமிடங்கள்தான். கோடை மத்தியானத்துத் தார்ச்சாலை 50ஐச் சுலபமாகத் தாண்டும்.

அந்தச் சில நிமிடங்களில் செல் சும்மா இருப்பதில்லை. சூட்டில் முட்டை வெள்ளைக்கரு எப்படி வெளுத்துக் கெட்டியாகிறதோ அப்படித்தான் செல்லுக்குள் இருக்கும் புரதங்களும் மடிப்புக் குலைந்து திரண்டுபோகப் பார்க்கும். உடனே செல் மற்ற உற்பத்தியையெல்லாம் குறைத்துவிட்டு, குலைந்த புரதங்களைக் கைத்தாங்கலாகப் பிடித்து மறுபடி மடித்துக் கொடுக்கும் ஒரு வகைப் புரதத்தை அவசரமாகத் தயாரிக்கும். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று பெயர். இது தெரியவந்ததே ஒரு தற்செயலால். இத்தாலியர் ஃபெரூச்சியோ ரிட்டோசாவின் ஆய்வகத்தில், பழ ஈக்களின் செல்களை வைத்திருந்த பெட்டியின் சூட்டை யாரோ கூட்டிவிட்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்களில் சில இடங்கள் புதிதாக உப்பியிருந்தன. அந்த உப்பல் மரபணுக்கள் விழித்து வேலை செய்வதன் அடையாளம். 1962இல் அவர் அதை வெளியிட்டபோது இவ்வளவு தூரம் போகும் என்று எவரும் நினைக்கவில்லை. பாக்டீரியா முதல் மனிதன்வரை ஏறக்குறைய எல்லா உயிருக்குள்ளும் இந்த ஏற்பாடு உண்டு.

ஏற்பாடு போதாமல் போனால்? செல்லின் ஆற்றல் தீர்கிறது. உப்பை வெளியே இறைக்கும் பம்பு நிற்கிறது. தண்ணீர் உள்ளே புகுந்து செல் ஊதுகிறது. இதுவரைக்கும் திரும்பி வர வழி உண்டு. தண்ணீர் தெளித்து, நிழலில் உட்கார்த்தி, காலை ஆறவிட்டால் பிழைத்துக்கொள்ளும். சவ்வு கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிட்டால் அப்புறம் வழியில்லை.

அந்த எல்லைக்குப் போகுமுன் காலை எடுக்கச் சொல்வது வலி. அந்த வலி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் திருவண்ணாமலையிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் வேலூருக்குப் போக வேண்டியிருக்கிறது. 1989வரை இரண்டு ஊரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைவிரலும் கால்விரலும் அழுகி விழுகின்றன என்றுதான் அன்றைக்கு உலகமே நம்பியது. பிராண்ட் உற்றுப் பார்த்தார். தசை அழுகவில்லை. நோய் நரம்பைக் கொன்றிருக்கிறது, வலி தெரியவில்லை, வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தையும் பிடிக்கிறார்கள், ஆணி ஏறிய செருப்போடும் நடக்கிறார்கள். சிலருக்கு ராத்திரியில் படுத்து எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணவில்லை. காவலுக்கு ஆள் போட்டுப் பார்த்தால், தூங்குகிறவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

பிறகு அமெரிக்காவில் பிராண்ட் செய்த ஒரு சோதனை கிரிவலம் போகும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டியது. மயக்கத்தில் வைத்த எலிகளின் பாதத்தை ஓர் இயந்திரம் மெல்லத் தட்டியது. ஒரு தட்டு யாரையும் காயப்படுத்தாது. நாம் நடக்கும்போது விழும் அழுத்தம் அளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தட்டு, தினமும். சில நாளில் பாதம் சிவந்து, சூடாகி, வீங்கியது. அதற்கு மேலும் தட்டத் தட்டப் புண்ணாகி வெடித்தது. வேறு சில எலிகளுக்குத் தட்டைக் கொஞ்சம் குறைத்து, வாரக் கடைசியில் ஓய்வும் கொடுத்தார். அவற்றின் பாதம் புண்ணாகவில்லை. தடித்துக் காய்த்தது.

கிட்டத்தட்ட அதே சுமைதான். ஓய்வு கிடைத்த செல்கள் காய்ப்பைக் கட்டின. கிடைக்காதவை செத்தன.

நல்ல காலுக்கு அந்த ஓய்வை வாங்கித் தருவது வலி. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டும்போது பெருவிரலடி எரிய ஆரம்பித்தால், நடக்கிறவருக்குத் தெரியாமலேயே உடம்பு எடையைப் பாதத்தின் வெளி ஓரத்துக்கு மாற்றிவிடும். எட்டு குறுகும். கொஞ்சம் நொண்டும். அதுவும் போதாவிட்டால் வாயு லிங்கத்திடம் உட்காரச் சொல்லும். காய்ப்புக் காய்த்த காலுக்கும் இந்த உணர்வு குறைவதில்லை. கென்யாவில் வெறுங்காலில் நடப்பவர்களையும் செருப்புப் போடுபவர்களையும் ஒப்பிட்டு 2019இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. காய்ப்பு எவ்வளவு தடித்தாலும் நடக்கும்போது தரையை உணரும் திறன் மழுங்கவில்லை. காபி விற்கிற அந்த அம்மாவுக்குக் கூழாங்கல் தெரியும், புண்தான் ஆகாது.

தொழுநோய் இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. அதே மரத்த பாதம் வேறு பெயரில் வந்து நிற்கிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. பல வருஷம் கட்டுப்படாத சர்க்கரை நரம்பை அரிக்கும், அதுவும் பாதத்திலிருந்து தொடங்கும். சின்ன ரத்தக்குழாய்களும் கெடும். காயத்துக்கு ஓடிவர வேண்டிய வெள்ளணுக்கள் சுணங்கும். முள் குத்தினால் தெரியாது. தெரிந்தாலும் ஆற வேண்டிய புண் வீக்கக் கட்டத்திலேயே வாரக்கணக்கில் நின்றுவிடும். இப்படிப்பட்ட பாதம்தான், வேண்டுதல் என்று, வெறுங்காலோடு, பத்தாயிரம் தடவை தரையில் இறங்குகிறது. கொப்புளம் உடைந்ததை வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்து, விரிப்பில் கறை பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் உண்டு. விரல் போவதும் கால் போவதும் பெரும்பாலும் இப்படி ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

ஆகவே இதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளி வெறுங்காலில் கிரிவலம் போகக் கூடாது. பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டாலும் போதாது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் தொழுநோயாளிகளுக்காகப் பயன்படுத்தித் தேர்ந்த மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஆட்டோவில் சுற்றலாம், எத்தனையோ பெரியவர்கள் அப்படித்தான் சுற்றுகிறார்கள். செருப்பைக் கழற்றாதவருக்கு அருணாசலேசுவரர் அருள மாட்டார் என்று சொல்ல எவருக்கும் அதிகாரம் கிடையாது.

பாதம் மரத்துவிட்டதா என்று கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை, கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் சில இடங்களில் வைத்து எடுப்பார்கள். பட்டது தெரிகிறதா என்று கேட்பார்கள். ஐந்து நிமிட வேலை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும் இடத்தில், "என் பாதத்தையும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வீட்டில் சர்க்கரை உள்ள அப்பாவோ அத்தையோ அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்பினால், போகும் முன்னும் வந்த பின்னும் அவர்கள் உள்ளங்காலைத் திருப்பி நீங்கள் பாருங்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, பெருவிரலடி. புறங்கையை வைத்து இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சுற்றியிருப்பதைவிடச் சூடாக இருந்தால், வலிக்கவில்லை என்று அவர்கள் எவ்வளவு சொன்னாலும், மறுநாள் காலையே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.